கணினி நூலும் காண்டிகை உரையும்

(ஆறுமுகநேரியில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆறுமுகநேரி உப்பு விளையும் ஊர். உப்பளத்தைப் பற்றி இவ்வூரார்க்கு எவரும் வந்து எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றனை எண்ணிப் பாருங்கள். அளத்து வேலைக்குப் புதிதாக வரும் ஓர் இளைஞனுக்கு அங்குள்ள மூத்தோர் முதற்கண் எதனைக் கற்பிக்கின்றனர்? உப்பு எவ்வெத் தனிமங்களால் ஆயது, பண்டை உலகில் அதனை எவ்வெந் நாட்டார் எவ்வாறு விளைவித்தனர் என்றா தொடங்குகின்றனர்? இல்லை. பாத்தியில் இறங்கு என்கின்றனர். தரையை மிதி என்கின்றனர். மிதித்து மிதித்துத் தரை இறுகிய பின்னரே நீர் கட்டப்பெறுகின்றது. நீர் முற்றி உப்புப் பூக்கும் நிலையை அவன் கண்ணும் கையும் அறிந்த பின்னரே அளவியை நீரில் மிதக்கவிட்டுக் கணக்குச் சொல்லப்பெறுகின்றது. 25 பாகை அளவில் உப்புப் படியும், 30 பாகையைத் தொடவிட்டால் கசப்பேறும், அதற்கு முன்னரே அந்நீரை வடித்துவிடல் வேண்டும் என்பன அக்கணக்கு. செயல் முன்னும் அதன் கணக்குப் பின்னுமாக அத்தொழில் இந்நெய்தல் நிலத்தில் வழிவழிக் கற்பிக்கப்பட்டு வருகின்றது.

இனி, தமிழில் வெளிவந்துள்ள தொடக்கநிலைக் கணினி நூல்கள் பத்தினை எடுத்துப் புரட்டுங்கள். பெரும்பாலானவை மணிச்சட்டத்தில் தொடங்கும். அடுத்துச் சார்லசு பாபேசு வருவார். பின்னர்க் கணினியின் ஐந்து தலைமுறைகள் வரிசையாக அணிவகுக்கும். உள்ளீடு, வெளியீடு, நினைவகம் என்று கட்டங் கட்டமாகப் படம் வரும். நாற்பதாம் பக்கத்திற்குப் பின்னரே, பொறியை இயக்கும் பொத்தான் எது என்னும் செய்தி தலைகாட்டும்! தன் பெயரைத் தமிழில் எழுதித் திரையில் காணும் விழைவோடு வந்த மாணாக்கி, அதற்குள் நூலை மூடிவைத்து விட்டுப் போயிருப்பாள். போனவள் தன்னையே நொந்துகொள்கிறாள். 'கணினி நமக்கு வாராது. அஃது ஆங்கிலம் அறிந்தார்க்குரியது' என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். இழப்பு அவளுடையது மட்டுமன்று. தமிழால் தொழில்நுட்பம் பயில முடியாது என்பார்க்கு அவளையே சான்றாகக் காட்ட இடமாகிவிடுகின்றது.

இன்று பேசப்படுவது இதுவே. மென்பொருள்களுக்கு எழுதப்பெறும் கையேடுகளும் பயிற்றுரைகளும் புதிதாக வருவோர்க்கு ஏன் பயன்படாமற் போகின்றன? அவற்றைத் திருத்துவது எவ்வாறு?

தமிழர்க்கு இது புதிய வினாவன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூல் செய்தபோது, எழுத்தும் சொல்லும் பேசுமுன் பாயிரத்தில் இதனைத்தான் பேசினார். நூல் எப்படி இருத்தல் வேண்டும், கற்பிப்போன் யாவன், கற்போன் யாவன், கற்பிக்கும் முறை யாது, கேட்கும் முறை யாது என்று ஐந்தாகப் பகுத்து விரித்தார். நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்றார். அழகும் பத்து என்றார். இன்று மேலைநாட்டுத் தொழிற்கூடங்களில் கையேடு எழுதுதற்கெனத் தனித்துறையே அமைத்துச் சம்பளம் கொடுத்து வல்லுநரை வைத்துள்ளனர். அவர்கள் எழுதிவைத்துள்ள நெறிமுறைகளை நன்னூற் பாயிரத்தோடு ஒப்புநோக்குவார்க்கு வியப்பே மிகும். அதற்காக எல்லாம் பண்டே தமிழில் உண்டு என்று மார்தட்டிக்கொண்டு அமர்ந்துவிடுதல் தகாது. பாயிரம் உள்ளது, அதன்படி எழுதப்பெற்ற கணினி நூல் எங்கே?

அப்பத்துக் குற்றங்களுள் முதலாவதாக வைக்கப்பெற்றது குன்றக் கூறல். கணினிக் கையேட்டாளர் பெரிதும் இழைக்கும் குற்றமும் அதுவே. 'மென்பொருளை இறக்கி நிறுவிக்கொள்க' என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். எங்கிருந்து இறக்குவது? இறக்கிய கோப்பு எந்த உறைக்குள் போய் விழும்? நிறுவுங்கால் திரை நான்கு வினாக்களைத் தொடுக்குமே, அவற்றிற்கு யாது விடை? எழுதியவர் இவற்றை நூறு முறை செய்து பழகியவர். ஆதலின் நான்கு படிகளும் அவர்க்கு ஒரே படியாகத் தோன்றுகின்றன. கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு நிறைய உண்டு. தாம் அறியாதிருந்த நாளை அவர் மறந்துவிட்டார். குன்றக் கூறல் அங்கே பிறக்கின்றது. ஏணியின் உச்சியில் நிற்போன், கீழே மூன்று படி ஒடிந்து கிடப்பதை அறியான்.

மயங்க வைத்தல் என்பது மற்றொரு குற்றம். இதனைச் சொல்லுங்கால் தமிழன்பர்கள் சற்றே பொறுத்தருளல் வேண்டும். ஏனெனில் இக்குற்றத்தில் தமிழ்ப்பற்றாளர்க்கும் பங்குண்டு. 'சுட்டி' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பாடநூலில் அது கையால் நகர்த்தும் கருவியின் பெயர். இணையத்தில் எழுதுவோர் பலர்க்கு அதே சொல் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்பின் பெயர். நிரலெழுதுவோர் சிலர்க்கு நினைவகத்தின் இடத்தைக் காட்டும் குறியின் பெயர். அக்கைக்கருவிக்கோ சுட்டி, சுட்டெலி, சொடுக்கி என்று பெயர்கள் பல. பதிவிறக்கம் என்பார் ஒருவர். தரவிறக்கம் என்பார் வேறொருவர். கடவுச்சொல் என்பார் ஒருவர். மறைச்சொல் என்பார் மற்றொருவர். ஒருபொருள் குறித்த பலசொல் நிகண்டுக்கு அழகு. கையேட்டிற்கு அது நஞ்சு. எச்சொல் மிகச் சிறந்தது என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடலாம். ஆனால் ஒரு நூலுக்குள் ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே நிற்றல் வேண்டும். இந்நூலில் இச்சொல் இப்பொருட்டு என்பதனை முதலில் வருமிடத்திலேயே அந்நூல் சொல்லிவிடவும் வேண்டும்.

சொல்லாக்கத்தில் தமிழர் உழைத்த உழைப்புக் குறைந்ததன்று. மணவை முசுதபா போன்றோர் தனியொருவராய் நின்று கலைச்சொற்களைத் தொகுத்தனர். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டிற்குப் பின்னர் அரசும் கலைச்சொற் பணியில் ஊக்கங் காட்டிற்று. சொல் உண்டு, ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் சொற்பட்டியல் பாடமாகிவிடுமா? அரிசியும் பருப்பும் உப்பும் புளியும் தனித்தனிக் கலத்தில் இருக்கச் சோறு உண்டதாகக் கணக்கெழுத இயலுமா?

இவ்விடத்தில் ஈழத்து நிகழ்ச்சியொன்றை நினைவுகூர்தல் தகும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் என்பார் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1860-களில் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிலேயே கற்பிக்கலானார். உடலியல், அறுவை மருத்துவம், மகப்பேற்று மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார். அவர்தம் மாணாக்கரும் உடனிருந்து பெயர்த்தனர். அவர் முறையில் கருதத்தக்கது ஒன்றுண்டு. வகுப்பில் மாணாக்கர் எதிரே இருக்க, நோயாளர் படுக்கையில் இருக்க, அந்தத் தேவையின் நடுவே அச்சொற்கள் பிறந்தன. பாடம் சொற்களை ஈன்றது. கணினித் துறையில் நிகழ்ந்ததோ தலைகீழ். சொற்கள் முன்னரே அச்சேறிவிட்டன; அவற்றைப் பயன்கொள்ளும் பாடங்கள் பின்னர் ஒவ்வொன்றாக நொண்டி நொண்டி வருகின்றன.

நல்ல கையேடு எப்படி இருக்கும் என்பதற்கு அனைவரும் அறியத்தக்க ஓர் எடுத்துக்காட்டு, 'தமிழ்99' என்னும் விசைப்பலகை. அதனைக் கற்பிக்கும் ஏடுகள் பல உண்டு. பெரும்பாலானவை செய்வது யாது? விசைப்பலகையின் படத்தை ஒரு பக்கத்தில் அச்சிட்டு, 'இதன்படி தட்டச்சு செய்க' என்று கைகழுவிவிடுகின்றன. மாணாக்கி அப்படத்தைப் பார்க்கிறாள். முப்பதுக்கு மேற்பட்ட எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. புள்ளி ஒரு விசையில் தனித்து நிற்கின்றது. 'அப்பா' என்று எழுத அவள் என்ன செய்வாள்? அகரத்தைத் தட்டி, பகரத்தைத் தட்டி, புள்ளியைத் தேடி, மீண்டும் பகரம், பின்னர் ஆகாரம் என்று ஐந்து முறை தட்டுவாள். எழுத்து வந்துவிடும், ஆனால் சலிப்பும் வந்துவிடும்.

அவ்விசைப்பலகையின் நுட்பமோ தமிழ் இலக்கணத்தில் ஊன்றியது. உயிர்கள் இடக்கைப் பக்கம்; மெய்கள் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால், முதலாவதன் தலையில் புள்ளி தானே ஏறிக்கொள்ளும். ஆகவே 'அப்பா' என்பதற்கு அ, ப, ப, ஆ என்று நான்கு தட்டுகளே போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. த, ம, ப, இ என்று தட்டினால் 'தம்பி' வந்து நிற்பான். புள்ளியைத் தேட வேண்டுவதில்லை. பள்ளியில் இனவெழுத்து என்றும் மெய்ம்மயக்கம் என்றும் படித்தவற்றைப் பொறி அறிந்து வைத்திருக்கின்றது என்று உணரும் அந்நொடியில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு ஈடாக எதனைச் சொல்வது? இலக்கணத்தை வெறுத்த பிள்ளையும் அன்று இலக்கணத்தை நோக்கித் திரும்பிப் பார்ப்பான்.

இதனைக் கற்பிக்கும் ஏடு எப்படித் தொடங்கல் வேண்டும்? முழுப் படத்தை முதலிற் காட்டலாகாது. அ, ஆ, ப, ம என்னும் நான்கு விசைகளை மட்டும் காட்டுக. அவற்றைக்கொண்டே 'அப்பா' எழுதலாம், 'அம்மா' எழுதலாம், 'ஆம்' எழுதவோ புள்ளி வேண்டும். புள்ளி விசை எது என்று பிள்ளை தானே கேட்பான். கேட்ட பின்னர்ச் சொல்லுக. தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதே கற்பித்தல். புள்ளி எப்போது தானே வரும், எப்போது தேடித் தட்ட வேண்டும் என்னும் வேற்றுமை அவ்விடத்தில் எவ்வளவு எளிதாகப் பதிகின்றது பாருங்கள்!

உரையாசிரியர் மரபினின்றும் கணினிக் கையேட்டாளர் கற்கத்தக்கது ஒன்றுண்டு. நன்னூலுக்கு விருத்தியுரையும் உண்டு. காண்டிகை உரையும் உண்டு. துறைபோகக் கற்பார்க்கு முன்னது, தொடங்குவார்க்குப் பின்னது. நூல் ஒன்றே, படிப்போர் இருவகையர், ஆதலின் உரையும் இரண்டு என்று நம் முன்னோர் தெளிந்திருந்தனர். மென்பொருள் உலகிலோ இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன. ஒரு நிரல்மொழியின் எல்லாக் கூறுகளையும் அகரவரிசையில் நிரப்பிய பெருந்தொகுப்பைக் கொணர்ந்து, 'இதனைப் படித்துக் கற்றுக்கொள்க' என்று தொடக்கநிலையர் கையில் திணிக்கின்றனர். அஃது அகரமுதலியைக் கொடுத்து மொழி கற்கச் சொல்வது போலாம். அத்தொகுப்பு வேண்டாததன்று. அது தேர்ந்தார் எடுத்துப் பார்க்கும் ஏடு. தொடங்குவார்க்கு வேண்டுவது காண்டிகை.

காண்டிகையில் வினாவும் விடையும் உண்டு. உரையாசிரியர்கள் தம் கருத்தைச் சொல்லிச் செல்லுங்கால் இடையிடையே நின்று, கற்போன் உள்ளத்தில் எழும் தடையைத் தாமே எழுப்பி, 'என்னையெனின்' என்று விடை பகர்வர். எழுதுவோன் எதிரே ஒருவன் அமர்ந்து மறித்து மறித்துக் கேட்கிறான் என்னும் நினைவு அறாதிருந்தமையாலன்றோ அவ்வுரைகள் ஆயிரம் ஆண்டுகளாகக் கற்பிக்கும் உரைகளாய் நிற்கின்றன? இன்றைய கையேட்டில் இத்தடைவிடை இல்லை. 'இதைச் செய்க, இது நிகழும்' என்று மட்டும் இருக்கின்றது. நிகழாவிட்டால்?

நிகழாவிடத்துத்தான் புதியவன் வீழ்கின்றான். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சான் கரோல் என்னும் உளவியலறிஞர், அலுவலகத்தார் கையேட்டைக் கொண்டு எழுத்துப்பணி மென்பொருள் கற்பதை அருகிருந்து நோக்கினார். அவர்கள் கையேட்டை வரிவரியாகப் படிக்கவில்லை. ஒரு வரியைப் படித்ததும் கைவைத்துப் பார்த்தனர். பிழை நேர்ந்தது. பிழையிலிருந்து மீள வழி கையேட்டில் இல்லை. அடுத்த வரியோ பிழையே நேராதவன் நிற்கும் இடத்திலிருந்து பேசிற்று. அது கண்டு அவர் முன்னுரைகளையும் மிகைகளையும் களைந்து, செய்ய விரும்புவதை உடனே செய்யவிட்டு, பிழை நேருமிடங்களில் மீளும் வழியைக் காட்டும் சிறு கையேடு ஒன்றை அமைத்தார். அதனைக்கொண்டு கற்றோர் விரைவிற் கற்றனர். 1990-இல் அவர் இதனை நூலாகவும் வெளியிட்டார். மிகைபடக் கூறலும் குற்றம், குன்றக் கூறலும் குற்றம் என்னும் பவணந்தியார் கூற்றை அவர் ஆய்வு செய்து மெய்ப்பித்துவிட்டார் என்றே கொள்ளலாம். நன்னூலை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்பது வேறு.

தமிழகத்துப் பன்னிரண்டாம் வகுப்பில் இன்று 'பைத்தான்' என்னும் நிரல்மொழி பாடமாக உள்ளது. அதில் வரியின் தொடக்கத்து இடவெளிக்கும் பொருள் உண்டு. ஓரிடம் தள்ளி எழுதவேண்டியதை ஒட்டி எழுதிவிட்டால் பொறி சினந்து பிழை காட்டும். தமிழ்வழி மாணாக்கர்க்கு அப்பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருகின்றது. அவர்கள் திகைத்துக் கையை எடுத்துவிடுகின்றனர். இதற்கு வழி யாது? பாடத்திலேயே அப்பிழையை வேண்டுமென்றே செய்விக்க வேண்டும். 'இவ்வரியின் முன்னுள்ள இடவெளியை அழித்துவிட்டு இயக்கிப் பாருங்கள். திரையில் இண்டென்டேசன் எர்ரர் என்று வரும். இடவெளி தவறியது என்பது அதன் பொருள். இப்போது இடவெளியைத் திரும்ப இட்டு மீண்டும் இயக்குங்கள்' என்று நான்கு வரி போதும். தானே உண்டாக்கித் தானே தீர்த்த பிழையைக் கண்டு எவரும் அஞ்சார்.

'இண்டென்டேசன் எர்ரர்' என்று ஆங்கிலச் சொல்லை இவ்வவையில் ஒலித்தமைக்கு முகஞ்சுளித்தோர் இருக்கக்கூடும். தனித்தமிழ் இதழில் இஃது அச்சாவதா என்றும் கேட்பர். கேட்கட்டும். மாணாக்கியின் திரையில் இருப்பது அச்சொல். நூலில் 'இடவெளிப் பிழை' என்று மட்டும் எழுதிவிட்டால், திரையில் வந்ததும் நூலில் உள்ளதும் ஒன்றே என்று அவள் எவ்வாறு அறிவாள்? 'கோப்பு என்பதனைச் சொடுக்குக' என்று நூல் சொல்லும். திரையிலோ 'ஃபைல்' என்று இருக்கும். அவள் திரை முழுதும் கோப்பைத் தேடி அலைவாள். திரையைத் தமிழாக்குவதே முடிந்த முடிபு, அதில் ஐயமில்லை. தமிழிலேயே இயங்கும் திரைகள் இன்று பல மென்பொருள்களில் உண்டு. அவற்றை இயக்கிக்கொள்ளும் வழியே முதற்பாடமாக அமையலாம். அது வாய்க்காத இடத்தில், திரையில் உள்ள சொல்லை ஒருமுறை தமிழெழுத்தில் காட்டி, அதற்குரிய தமிழ்ச்சொல்லை அருகில் நிறுத்தி, அதன்பின் தமிழ்ச்சொல்லையே ஆளுதல் முறை. வெளியூரானுக்கு வழி சொல்லுங்கால் பெயர்ப்பலகையில் உள்ளதைச் சொன்னாலன்றி அவன் வந்து சேரான். தூய்மை வேண்டும் என்பதற்காகப் பிள்ளையைக் காட்டில் விட்டுவர இயலாது.

தமிழிலேயே நிரலெழுத முத்தையா அண்ணாமலை என்பார் 'எழில்' என்னும் நிரல்மொழியை உருவாக்கி, 2009-இல் அதுபற்றி ஆய்வுரை வெளியிட்டார். 'பதிப்பி' என்று கட்டளையிட்டால் திரையில் எழுத்துத் தோன்றும். அதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. ஆங்கில நிரல்மொழிகளில் 'இஃப்' என்னும் சொல் முன்னும் நிலைமை பின்னும் வரும். தமிழிலோ 'மழை பெய்தால்' என்று நிலைமை முன்னும் 'ஆல்' என்னும் ஈறு பின்னும் வருவதே இயல்பு. எழிலில் நிலைமையை அடைப்புக்குள் முதலில் எழுதி, 'ஆனால்' என்பதனைப் பின்னர் இடுவர். தமிழின் தொடரமைப்பு நிரலுக்குள்ளும் காக்கப்பட்டது. இதற்குக் கற்பிக்கும் நூலும் வந்துள்ளது. எனினும் இங்கும் புதியவன் பக்கம் நின்று ஒன்று சொல்லலாம். 'ஆனால்' என்றதும் இன்றைய பிள்ளைக்குத் தோன்றுவது 'ஆயினும்' என்னும் மாறுபாட்டுப் பொருளே. இங்கே அது 'ஆகுமாயின்' என்னும் நிலைமைப் பொருளது என்று ஒரு வரி எழுதாமற் போனால், தமிழ்நிரலும் அவனுக்கு வேற்றுமொழியாகிவிடும். தமிழில் இருக்கின்றது என்பதனாலேயே எதுவும் விளங்கிவிடாது.

நற்பணிகளைப் பேசாது விடுதல் அறமன்று. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் அறிமுகம் செய்து வருகின்றது. அதில் வெளியான தொடர்கள் 'எளிய தமிழில்' என்னும் வரிசையில் நூல்களாயின. து. நித்யா என்பார் தரவுத்தளம், வலைப்பக்கம் அமைத்தல், பொறிவழிக் கற்றல் எனப் பல பொருள் குறித்து அவ்வாறு எழுதியுள்ளார். அவை எவரும் விலையின்றிப் பெறவும் படியெடுத்துப் பகிரவும் உரிமையுடன் வெளியிடப்பட்டுள்ளன. அந்நூல்களில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி. தனித்தமிழன்பர்க்கு அது நெருடும். ஆனால் நெருடுவோர் எத்தனைபேர் அந்நூல்களை எடுத்துத் திருத்தித் தர முன்வந்தனர்? உரிமை திறந்தே கிடக்கின்றது.

மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தலைமையில் உருவான பேச்சுவழிப் பாடங்கள் மற்றொரு முயற்சி. பத்து மணித்துளி அளவுள்ள ஒளிப்பாடங்கள் அவை. ஒருபால் பாடம் ஓட, மறுபால் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, காட்டியதைக் கற்போனும் உடனுக்குடன் செய்து பார்க்க வேண்டும். தமிழ் உள்ளிட்ட மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டுள்ளது. அப்பணியில் தலையாயது ஒரு விதி. துறைவல்லார் சரிபார்ப்பதோடு அமையாது, அம்மென்பொருளை அறியாத புதியவர் ஒருவரும் பாட எழுத்தைப் பின்பற்றிச் செய்து பார்த்தல் வேண்டும் என்று வகுத்துள்ளனர். அறியாதவன் ஒப்புதல் தந்தாலன்றிப் பாடம் வெளியேறாது. அவையில் அரங்கேற்றிப் புலவர் ஒப்பிய பின்னரே நூல் ஊரறிய உலவியது பண்டைத் தமிழ் வழக்கம். இங்கே அரங்கேற்றத்திற்குரிய அவை புலவரவையன்று, புதியவரவை. இத்திருத்தம் பெரிது.

மேலைநாட்டாரின் சிறந்த நூல்களிலும் இவ்வுணர்வே முன்னிற்கின்றது. கெர்னிகனும் இரிச்சியும் 1978-இல் 'சி' என்னும் நிரல்மொழிக்கு எழுதிய நூலில், முதல் நிரல் உலகிற்கு வணக்கம் கூறும் இரண்டு சொற்களைத் திரையில் காட்டுவது மட்டுமே. அற்பச் செயல் போலத் தோன்றும். ஆயினும் அதனைச் செய்துமுடித்தவன் நிரலை எழுதவும், பொறிமொழிக்கு மாற்றவும், இயக்கவும், விளைவைக் காணவும் அறிந்துவிட்டான். இனி வருவன எல்லாம் அதன்மேற் கட்டுவனவே. அன்று முதல் உலகில் நிரல் கற்போர் பலர்க்கும் அதுவே அரிச்சுவடியின் முதலெழுத்தாயிற்று.

கையேட்டிற்கு மூப்பும் உண்டு. முன்னர்ப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பாடநூல் 'இசுடார் ஆபீசு' என்னும் மென்பொருளைக் கற்பித்தது. அம்மென்பொருள் 2011-இல் கைவிடப்பட்டது. பாடநூலோ 2019-இல் புதுநூல் வரும்வரை அதனையே கற்பித்துக்கொண்டிருந்தது. உலகில் இல்லாதொழிந்த ஒன்றன் பொத்தான்களைப் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணி மதிப்பெண் பெற்றனர். செய்யுளுக்கு மூப்பில்லை, கையேட்டிற்கு உண்டு. இந்நூல் எம்மென்பொருளின் எப்பதிப்பிற்கு, எவ்வாண்டில் எழுதப்பட்டது என்பதனை முகப்பிலேயே பொறித்தல் வேண்டும்.

இக்காலத்தில் பொறியே மொழிபெயர்த்துத் தருகின்றதே, இனிக் கையேடு எழுத ஆள் எதற்கு என்பாரும் உளர். பொறி சொல்லைப் பெயர்க்கும். நாளுக்கு நாள் நன்றாகவும் பெயர்க்கும். ஆனால் ஆங்கிலக் கையேடே குன்றக் கூறியிருப்பின், அதன் தமிழும் குன்றித்தான் நிற்கும். நான்கு படியை ஒரு படியாக்கிய குற்றம் எம்மொழியில் பெயர்த்தாலும் நீங்காது.

அவையோரே! இவ்வூரில் தமிழாசிரியர் உள்ளனர். கணினி பயின்று தொழில் செய்வோரும் உள்ளனர். ஒருவர்க்குச் சொல் தெரியும். மற்றவர்க்குப் பொருள் தெரியும். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் இருபது பக்கத்தில் ஒரு காண்டிகை எழுதிவிடலாம். தமிழ்99 விசைப்பலகையைக் கணினியில் அமைத்து, தன் பெயரும் ஊரும் எழுதி, அதனைக் கோப்பாகச் சேமித்து, மறுநாள் அக்கோப்பைத் திறந்து காணும் அளவிற்கு அது போதும். அதற்கு மேல் ஒரு வரியும் முதற்பதிப்பில் வேண்டா. பாபேசு வேண்டா, தலைமுறைகள் வேண்டா, தமிழின் தொன்மை குறித்த முன்னுரையும் வேண்டா, அது கேட்க எவ்வளவு இனிதாயினும்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன், அளத்தில் வேலை செய்யும் வீட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தியை அழைத்து வந்து கணினியின் முன் அமர்த்துங்கள். ஏட்டை அவள் கையில் கொடுங்கள். எழுதிய இருவரும் அவள் பின்னே நிற்கட்டும். வாய் திறக்கலாகாது, விரல் நீட்டவும் ஆகாது. அவள் படித்துக்கொண்டே செய்வாள். ஓரிடத்தில் நின்று விசைப்பலகைக்கும் ஏட்டிற்குமாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். எவ்வரியில் நின்றாளோ, அவ்வரியின் ஓரத்தில் ஒரு கோடு இடுங்கள். கோடுகள் இட்டு முடிந்ததும் அந்த வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திருத்தி எழுதுங்கள். அடுத்த கிழமை வேறொரு பிள்ளையை அழைத்து வாருங்கள்.